வீடு ஒருவருடையது, தெரு யாருடையது?

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நூறாண்டுப் பழமையான கடைவீடு ஒன்றை வைத்திருப்பவர், அதன் முகப்பை இடித்துவிட்டுக் கண்ணாடிச் சுவர் எழுப்ப நினைத்தால் முடியாது. முகப்பை மாற்றவும், முற்றத்தை மூடவும், மேலே இன்னொரு மாடி எடுக்கவும் பினாங்குத் தீவு மாநகராட்சியின் அனுமதி வேண்டும். பத்திரம் அவர் பெயரில் இருக்கிறது. வரி அவர் கட்டுகிறார். கூரை ஒழுகினால் செலவும் அவருடையது. இருந்தும் அந்த வீட்டின் முகத்தை மாற்றும் அதிகாரம் அவர் கையில் முழுமையாக இல்லை. எந்த நியாயத்தின் பேரில் ஓர் உள்ளாட்சி மன்றம் இப்படிக் கட்டுப்படுத்துகிறது? மேலோட்டமாகப் பார்த்தால் இது நகரமைப்புச் சட்டத்தைப் பற்றிய கேள்வி. உள்ளே போனால் சமயங்களும் தத்துவமும் நெடுங்காலமாக விவாதித்துவரும் கேள்வி: இறந்தவர்கள் கட்டிவைத்த ஒன்றின்மேல் இருப்பவர்களுக்கு எவ்வளவு உரிமை? இனிப் பிறக்கப்போகிறவர்களுக்கு அதில் இன்றைக்கே பங்கு உண்டா? உண்டு என்பதும், அதனால் மாநகராட்சிக்குக் கட்டுப்படுத்தும் உரிமை இருக்கிறது என்பதும் என் முடிவு. ஆனால் அந்த உரிமை பிறக்கும் இடம் அறக்கட்டளை என்ற பழைய கருத்து. அறக்கட்டளைக்குப் பயன்பெறுவோர் உண்டு. ஆகவே சுவர்களைக் காத்து, அவற்றுக்குள் வாழ்ந்தவர்களைக் கைவிடும் பாதுகாப்பு தன் அடிப்படை நியாயத்தையே இழந்துவிடுகிறது.

ஜார்ஜ்டவுனை எடுத்துக்கொள்வதற்குக் காரணம் இருக்கிறது. 1786இல் பிரான்சிஸ் லைட் கிழக்கிந்தியக் கம்பெனியின் சார்பில் நிறுவிய இந்தத் துறைமுக நகரத்தில், ஒரே தெருவில் நான்கு சமயங்கள் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் இடம்பிடித்தன. இன்று மஸ்ஜித் கப்பித்தான் கெலிங் தெரு என்று அழைக்கப்படும் பழைய பிட் தெருவிலும் அதை ஒட்டியும் 1801இல் தமிழ் முஸ்லிம்களின் தலைவர் காதர் முகைதீன் தொடங்கிய பள்ளிவாசல், 1818இல் கட்டப்பட்ட செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்கள் வழிபடும் கருணைத் தேவியின் கோயில், 1833இல் எழுந்த மகாமாரியம்மன் கோயில் ஆகியவை நடந்தே போய்வரும் தூரத்தில் நிற்கின்றன. அவற்றைச் சுற்றிலும் சூலியா தெரு, குயின் தெரு, மார்க்கெட் தெரு, பினாங்கு தெரு ஆகியவற்றின் கடைவீடுகள். 2008 ஜூலை 7 அன்று மலாக்காவோடு சேர்த்து யுனெஸ்கோ இந்நகரை உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏற்றியது. மையப் பகுதி சுமார் 109 ஹெக்டேர். அதைச் சூழ்ந்த காப்புப் பகுதி சுமார் 150 ஹெக்டேர். 1976ஆம் ஆண்டின் நகர, கிராமத் திட்டச் சட்டமும் 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுரிமைச் சட்டமும் அடித்தளமாக இருக்க, 2016இல் இப்பகுதிக்கென்று சிறப்புத் திட்டம் அரசிதழில் வெளியாயிற்று. எந்தக் கட்டடம் எந்த வகையைச் சேர்ந்தது, எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அது வகுத்துச் சொல்கிறது. பொதுவாக 18 மீட்டருக்கு மேல் கட்டக்கூடாது என்ற உயர வரம்பும் உண்டு.

இந்தக் கட்டுப்பாடுகள் அண்மையில் வந்து சேர்ந்த சுமை என்று கருதுவோர் அந்தத் தெருக்களின் பிறப்பைக் கவனிக்க வேண்டும். கடைவீட்டு வரிசையின் முன்னால் தூண்களும் கூரையுமாக ஒரு நடைவழி தொடர்ந்து ஓடுகிறது. மலாயில் காக்கி லீமா. நம்மவர் வாயில் அஞ்சடி. வெயிலுக்கும் மழைக்கும் யாரும் அதில் ஒதுங்கலாம், ஒரு கடையிலிருந்து அடுத்த கடைக்கு நனையாமல் போகலாம். அந்த இடம் பெரும்பாலும் வீட்டுக்காரரின் மனைக்குள்ளேயே இருக்கிறது. வழிப்போக்கருக்காக அதைத் திறந்துவிட வேண்டும் என்பது விதி. ராஃபிள்ஸ் 1822இல் சிங்கப்பூருக்கு வகுத்த நகரத் திட்டத்தில் இடம்பெற்ற இந்த விதி, பின்னர் நீரிணைக் குடியேற்றங்கள் எங்கும் பரவியது. அதை எல்லோரும் மகிழ்ந்து ஏற்றுக்கொள்ளவில்லை. அஞ்சடியை அடைத்திருந்த சரக்குகளை நகராட்சி அகற்ற முற்பட்டபோது, 1888இல் சிங்கப்பூர்க் கடைக்காரர்கள் கடையடைத்தார்கள், கலவரமே மூண்டது. ஆக, தெருவுக்காகச் சொந்த மனையில் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கும் கடமை அந்தக் கட்டடங்களோடு கூடவே பிறந்தது. இன்று நாம் அழகு என்று வியக்கும் ஒழுங்கான வரிசை, ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் விருப்பப்படி கட்டியதால் வந்ததல்ல. பக்கத்து வீட்டோடு பொதுச்சுவர், ஒரே நடைவழி, ஏறத்தாழ ஒரே உயரம் என்ற கட்டுக்குள் நின்று கட்டியதால் வந்தது. கட்டுப்பாட்டால் உண்டான மதிப்பை விற்றுக் காசாக்கும்போது மட்டும் கட்டுப்பாடு வேண்டாம் என்பது நேர்மையாகாது.

சட்டத்துக்கு முந்திய ஊற்றும் ஒன்று இருக்கிறது. ஜார்ஜ்டவுனில் கணிசமான நிலமும் வீடுகளும் தனியாருடையவை அல்ல, அறச்சொத்துகள். முஸ்லிம்கள் வக்ஃபு செய்தார்கள். இந்துக்கள் கோயிலுக்கு எழுதிவைத்தார்கள். சீனக் குலச் சங்கங்கள் கொங்சி என்ற பெயரில் குலக்கோயிலைச் சுற்றி வரிசை வீடுகள் கட்டித் தம் குலத்தாருக்கு வாடகைக்கு விட்டன. 1906இல் மறுபடியும் கட்டி முடிக்கப்பட்ட கூ கொங்சி அதற்குப் புகழ்பெற்ற உதாரணம். நீரிணைக் குடியேற்ற அரசு 1905இல் முஸ்லிம், இந்து அறக்கட்டளைகளுக்கென்றே ஓர் அவசரச் சட்டம் இயற்றி, அவற்றை நிர்வகிக்க வாரியம் அமைத்தது. மூன்று சமூகங்களும் வேறுவேறு மொழியில் ஒரே கருத்தைச் சொல்லியிருக்கின்றன. கைபரில் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் கேட்டபோது, அசலை விற்காமல் நிறுத்திவைத்து அதன் பலனைத் தருமமாக்கும்படி நபிகள் அறிவுறுத்தியதாக இஸ்லாமிய மரபு கூறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளின் முடிவில், இந்தத் தருமத்தைப் பிற்காலத்தில் காப்பவரின் திருவடிகள் என் தலைமேல் என்று கொடையாளி எழுதிவைப்பது வழக்கம். தன் முகத்தையே அறியாத, இன்னும் பிறக்காத ஒருவரிடம் அவர் பணிகிறார். அவரை நம்பி ஒரு பொறுப்பை ஒப்படைக்கிறார். இந்தியச் சட்டமும் இந்த எண்ணத்தை ஏற்றது: இந்துத் தெய்வம் சட்டத்தின் பார்வையில் ஒரு நபர், அதன் நலனைக் காப்பது மனிதரின் கடமை என்று 1925இல் பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது.

கோயில் சொத்துக்குப் பொருந்துவது தனியார் வீட்டுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்கலாம். தைப்பூசத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். பினாங்கு தெருவின் கோவில் வீட்டிலிருந்து நகரத்தாரின் வெள்ளித் தேர் புறப்பட்டுத் தண்ணீர்மலைக் கோயிலை நோக்கிப் போகிறது. வழியெங்கும் வீட்டு வாசல்களிலும் கடை வாசல்களிலும் அர்ச்சனைத் தட்டோடு மக்கள் நிற்கிறார்கள். சீனர்களும் குவியல் குவியலாகத் தேங்காய் உடைக்கிறார்கள். உற்சவர் வீதிக்கு எழுந்தருளும்போது வீதி கோயிலின் நீட்சியாகிவிடுகிறது என்பது நம் ஆகம மரபு. மாடவீதியும் தேரோடும் வீதியும் சன்னிதிக்கு வெளியே இருக்கின்றன. திருக்கோயிலுக்கு வெளியே இல்லை. அந்த வீதியில் இருக்கும் வீட்டுக்காரர் தம் வீட்டுக்கு முழு உரிமையாளர். அவர் வாசல் மட்டும் இரண்டுக்கும் பொது. ஒரு புறம் அது அவர் வீட்டின் முகம், மறு புறம் தெருவின் சுவர். பத்திரத்தில் எழுதியிருப்பது முதலாவது. இரண்டாவதை எந்தப் பத்திரமும் எழுதித் தருவதில்லை, ஏனென்றால் அது விற்பனைக்குரிய பொருளாக என்றுமே இருந்ததில்லை. வீட்டை வாங்கியவர் தெருவை வாங்கவில்லை. விலைக்கு வராத அந்தப் பங்கைப் பாதுகாக்கும் தருமகர்த்தா யாராவது வேண்டும். பல சமயத்தார் வாழும் நகரில் எந்த ஒரு சமயத்தின் வாரியமும் அந்தப் பணியைச் செய்ய முடியாது. எல்லோருக்கும் பொதுவான மாநகராட்சிதான் செய்ய முடியும். பழைய தெருக்களைப் பாதுகாக்கும் உள்ளாட்சிச் சட்டத்தை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: வக்ஃபு, தேவதானம், கொங்சி ஆகியவற்றுக்குப் பின்னால் இருந்த எண்ணத்தைச் சமயச் சார்பற்ற அரசு தன் கையில் எடுத்திருக்கிறது.

முதல் மறுப்பு சொத்துரிமையின் பக்கமிருந்து வரும். ஊருக்கு அழகு வேண்டுமானால் ஊர் பணம் கொடுக்கட்டும், ஒருவர் தலையில் ஏன் சுமத்த வேண்டும் என்பது அதன் சாரம். இதை மிகக் கூர்மையாக வாதிட்ட வழக்கு நியூயார்க்கில் நடந்தது. 1963இல் அங்கே பென்சில்வேனியா ரயில் நிலையத்தை இடிக்கத் தொடங்கினார்கள். எழுந்த வேதனையில் 1965இல் நகரம் நினைவுக் கட்டடங்களுக்கான சட்டத்தை இயற்றியது. கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தின் மேல் அலுவலகக் கோபுரம் கட்ட அனுமதி மறுக்கப்பட்டதும், பென் சென்ட்ரல் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1978இல் உச்ச நீதிமன்றம் 6-3 என்ற கணக்கில் நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. நிலையத்தை நிலையமாகவே நடத்தி நியாயமான வருவாய் பெற முடிகிறது, கட்டாமல் விட்ட உயரத்தைப் பக்கத்து மனைகளுக்கு மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது என்பவை முக்கியக் காரணங்கள். மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி ரென்குவிஸ்ட், எல்லோருக்குமான நன்மையின் செலவைச் சிலர்மேல் மட்டும் ஏற்றுவது அநீதி என்றார். அந்தக் கவலையில் உண்மை இருக்கிறது. தனித்து நிற்கும் ஒரே கட்டடத்தைப் பட்டியலிடும்போது அது கனமாகவே விழுகிறது. ஒரு முழுத் தெருவை, ஒரு முழுப் பகுதியைக் காக்கும்போது நிலைமை வேறு. என் பக்கத்து வீட்டுக்காரர் ஐந்து மாடி எழுப்பாமல் இருப்பதால் என் முற்றத்துக்கு வெளிச்சம் கிடைக்கிறது. நான் எழுப்பாததால் அவருக்குக் கிடைக்கிறது. சுமையும் பலனும் ஒரே கைகளுக்குத் திரும்பி வருகின்றன. இந்தப் பரிமாற்றம் உண்மையாக நடக்கும்வரை கட்டுப்பாடு பறிமுதல் ஆகாது.

இரண்டாவது மறுப்பு இறந்தவர்களின் கையைப் பற்றியது. 1789இல் ஜேம்ஸ் மேடிசனுக்கு எழுதிய கடிதத்தில் தாமஸ் ஜெஃபர்சன், பூமி உயிரோடிருப்பவர்களின் அனுபவத்துக்கு உரியது, இறந்தவர்களுக்கு அதில் அதிகாரம் இல்லை என்று வாதிட்டார். முன்னோர் பட்ட கடனும் அவர்கள் போட்ட சட்டமும் பின்வருவோரை என்றென்றைக்கும் கட்டக்கூடாது என்பது அவர் நோக்கம். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதை இறுதிவரை தொடர்ந்தால் அது இடிப்பவருக்குத் துணை நிற்காது. அனுபவிக்கும் உரிமை மட்டும் பெற்றவர் தோட்டத்தின் கனியை உண்ணலாம். தோட்டத்தையே அழித்துவிட்டுப் போக அவருக்கு அதிகாரமில்லை, அடுத்து வருபவரும் அவரைப் போலவே உரிமையோடு வருகிறார். தெரு இருந்தால் அதை என்ன செய்வது என்று அடுத்த தலைமுறை முடிவெடுக்கலாம். வேண்டாமென்றால் அவர்களும் இடிக்கலாம். தெரு போய்விட்டால் அவர்களுக்கு முடிவெடுக்க எதுவும் மிஞ்சாது. இடிப்பதே பின்வருவோரைக் கட்டிப்போடும் செயல். இதோடு இன்னொரு குரலும் சேரும்: காலனி ஆட்சியின் நகரத்தை விடுதலை பெற்ற மக்கள் ஏன் பேண வேண்டும்? வரைபடம் கம்பெனியுடையது என்பது உண்மை. சுண்ணாம்பு குழைத்ததும் ஓடு வேய்ந்ததும் கல் சுமந்ததும் சீனரும் தமிழரும் மலாய்க்காரரும். செயின்ட் ஜார்ஜ் தேவாலயத்துக்கே இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள் உழைத்திருக்கிறார்கள். அவர்கள் பெயர் எந்தக் கல்லிலும் பொறிக்கப்படவில்லை. அவர்கள் விட்டுச்சென்ற சாட்சி அந்தச் சுவர்கள்தான். அவற்றை இடிப்பதால் கம்பெனி அவமானப்படாது, அந்த உழைப்பாளிகள்தான் இன்னொரு முறை மறைந்துபோவார்கள்.

மூன்றாவது மறுப்பு நம் சமயங்களின் உள்ளிருந்தே எழுகிறது. எல்லாம் நிலையாதவை என்று புத்தர் போதித்தார். திருக்குறளில் நிலையாமைக்கு ஓர் அதிகாரமே இருக்கிறது. செங்கல்லையும் சுண்ணாம்பையும் பற்றிக்கொள்வது அறியாமை ஆகாதா? ஜப்பானின் ஈசே ஆலயத்தை இருபது ஆண்டுகளுக்கு ஒருமுறை பக்கத்து மனையில் புத்தம் புதிதாகக் கட்டி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள்; கடைசியாக 2013இல் நடந்தது. நம் கோயில்களிலும் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை திருப்பணியும் குடமுழுக்கும் செய்வது மரபு. அப்படியானால் பொருளைப் பாதுகாப்பதைவிடப் புதுப்பிப்பதல்லவா கிழக்கின் வழி? இதை ஆழ்ந்து எண்ணினால் நிலையாமைக் கொள்கை பாதுகாப்புக்கு எதிரி அல்ல என்பது தெரியும். ஈசேயில் ஒவ்வொரு முறையும் புதிதாவது மரம். தச்சரின் கைத்திறமும் அளவுகளும் சடங்கும் வழிபடும் சமூகமும் அறுபடாமல் வருகின்றன. அங்கே காக்கப்படுவது தொடர்ச்சி. 1994இல் ஜப்பானின் நாரா நகரில் கூடிய வல்லுநர்கள், ஒரு மரபுச் சின்னத்தின் உண்மைத்தன்மையை மூலப்பொருளை மட்டும் வைத்து அளக்கக்கூடாது, பயன்பாடு, மரபு, கைவினை, உணர்வு ஆகியவற்றையும் அந்தந்தப் பண்பாட்டுக்குள் வைத்து எடைபோட வேண்டும் என்று ஆவணப்படுத்தினார்கள். நிலையாதவை என்று அறிந்தவர்தான் அடிக்கடி பழுதுபார்க்க வேண்டிய தேவையை உணர்வார். ஜார்ஜ்டவுனுக்கு இது நேரடியாகப் பொருந்தும். பழைய சுவரின் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிக்கிச் செங்கல் உதிரும். சுண்ணாம்பு குழைக்கத் தெரிந்த கொத்தனார் இல்லாத ஊரில் எவ்வளவு கடுமையான சட்டம் இருந்தாலும் அந்தச் சுவர் நிற்காது. பற்று வைக்க வேண்டியது கல்லின்மேல் அல்ல, கல்லைப் பேணத் தெரிந்த கைகளின்மேல்.

நான்காவது மறுப்பு வழிபாட்டுச் சுதந்திரம். கோயிலோ பள்ளிவாசலோ தேவாலயமோ தன் கூட்டத்தின் தேவைக்கேற்ப வளர வேண்டும். எந்தச் சுவரை எடுக்கலாம் என்று மாநகராட்சி சொல்வது சமயத்தில் தலையிடுவதாகாதா? அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில் பெர்னி என்ற சிற்றூரில் இந்தக் கேள்வி எழுந்தது. 1923இல் கட்டப்பட்ட செயின்ட் பீட்டர் கத்தோலிக்க தேவாலயத்தில் ஞாயிறு வழிபாட்டுக்கு இடம் போதவில்லை. விரிவாக்க அனுமதி கேட்டபோது, வரலாற்றுப் பகுதிக்கான விதியைக் காட்டி ஊராட்சி மறுத்துவிட்டது. வழக்கு 1997இல் உச்ச நீதிமன்றம்வரை போய், சமயச் சுதந்திரத்துக்காக நாடாளுமன்றம் இயற்றிய 1993ஆம் ஆண்டுச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது என்ற தீர்ப்போடு முடிந்தது. ஆனால் ஊரின் சிக்கலைத் தீர்த்தது தீர்ப்பு அல்ல. இரு தரப்பும் உட்கார்ந்து பேசி, பழைய கட்டடத்தின் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு புதிய பகுதியைச் சேர்த்துக் கட்ட ஒப்புக்கொண்டதுதான். இதிலிருந்து ஓர் எல்லையை வகுக்கலாம். வழிபடும் இடத்தில் முதன்மையானது வழிபாடு. கருவறையில் என்ன செய்வது, எப்போது திருப்பணி, எந்த நிறம் என்பவை வழிபடுவோரின் முடிவுகள். தெருவை நோக்கி நிற்கும் முகமும் தெருவின் உயரமும் தெருவுக்கும் உரியவை. அங்கே மாநகராட்சிக்குப் பேச உரிமை உண்டு, கட்டளையிடுவதற்கு முன் பேசிப் பார்க்கும் கடமையும் உண்டு.

இதுவரை சொன்ன மறுப்புகளுக்கு விடை கூற முடிந்தது. கடைசி மறுப்பு அப்படிப்பட்டதல்ல. பழைமையைப் பாதுகாப்பது பணக்காரருக்கு நகரத்தை எழுதிக்கொடுக்கும் வழி என்று ஏழைக் குடித்தனக்காரர் சொன்னால், ஜார்ஜ்டவுனின் அண்மை வரலாறு அவர் பக்கம் சாட்சி சொல்லும். 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1948க்கு முன் கட்டிய வீடுகளின் வாடகையை உயரவிடாமல் வைத்திருந்தது. அதனால் வீட்டுக்காரர்கள் பழுதுபார்க்காமல் விட்டார்கள்; அதே சட்டத்தால்தான் கைவினைஞரும் சிறுவணிகரும் கூலித் தொழிலாளரும் நகரின் நடுவில் தலைமுறை தலைமுறையாக வாழவும் முடிந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. இடைக்கால ஏற்பாடுகள் 1999 டிசம்பரோடு முடிந்தன. 2000ஆம் ஆண்டு பிறந்ததும் வாடகைகள் பலமடங்கு ஏறின, குடும்பங்கள் வெளியேறின. எட்டு ஆண்டுகள் கழித்து யுனெஸ்கோவின் அங்கீகாரம் வந்தபோது, நிலத்தின் விலை அதோடு சேர்ந்து ஏறியது. பட்டியலில் ஏறுவதற்கு முன்பே அனுமதி பெற்றிருந்த நான்கு உயரமான கட்டடத் திட்டங்களால் எழுந்த சர்ச்சையை உலகமே கவனித்தது. ஓசையில்லாமல் நடந்ததை அவ்வளவு பேர் கவனிக்கவில்லை. பாரம்பரியப் பகுதியில் 2009இல் 10,000க்குச் சற்று மேல் இருந்த குடியிருப்போர் 2013இல் சுமார் 9,400 ஆகக் குறைந்தார்கள். அதே காலத்தில் தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. வேறு சில கடைவீடுகளில் ஜன்னல்களை அடைத்து, ஒலிபெருக்கியில் பறவைச் சத்தம் ஒலிக்கவிட்டு, கூட்டுக்காக உழவாரன் குருவிகளை வளர்த்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் முகப்பு அப்படியே இருக்கும். உள்ளே மனிதர் இல்லை. அந்தத் தொழிலை மாநகராட்சி பாரம்பரியப் பகுதியில் தடைசெய்து அகற்றியது. செய்யவேண்டியதைத்தான் செய்தது.

குருவி வளர்ப்பைத் தடுத்த அதே காரணத்தை மாநகராட்சி முழுமையாகப் பின்பற்ற வேண்டும் என்பதே என் வாதம். குருவிகள் இருந்த வீட்டில் முகப்புக்கு எந்தக் குறையும் இல்லையே, ஏன் தடுத்தார்கள்? சுவருக்குக் கேடு, சுகாதாரத்துக்குக் கேடு என்பவை ஒருபுறம். தெரு வெறுமையாகிறது என்பதும் காரணமாக இருந்தது. தெரு வெறுமையாவது குற்றம் என்றால், வெறுமையாக்குவது குருவியா சுற்றுலா விடுதியா என்பது இரண்டாம் கேள்வி. ஜார்ஜ்டவுனைப் பட்டியலில் ஏற்றியபோது யுனெஸ்கோ மதித்ததும் பல இனங்களின் வாழும் மரபைத்தான்: வழிபாடு, திருவிழா, மொழி, உணவு, தொழில். விளக்குக் கூண்டு செய்பவரும், ஊதுவத்தி உருட்டுபவரும், பெயர்ப்பலகை செதுக்குபவரும், பிரம்பு பின்னுபவரும், மாலை கட்டுபவரும் போனபின் எஞ்சும் தெரு, பட்டியலில் ஏறிய தெரு ஆகாது. அறக்கட்டளையின் இலக்கணத்தை இங்கே நினைவுகூர வேண்டும். அசலைக் காப்பது பயனாளிக்காக. சத்திரத்துச் சுவர்களுக்கு வெள்ளையடித்துவிட்டு, வழிப்போக்கருக்குச் சோறு போடுவதை நிறுத்திய தருமகர்த்தாவை எந்த ஊரும் நல்லவர் என்று சொல்லாது. வீட்டுக்காரரின் கையைக் கட்டும் உரிமையைத் தெருவின் பெயரால் பெற்ற மாநகராட்சி, அந்தத் தெருவில் வாழ்ந்தவர்களுக்குக் கணக்குக் காட்டியே தீரவேண்டும்.

இது நடக்காத காரியம் என்று ஒதுக்குவோருக்கு இத்தாலியின் பொலோன்யா நகரைக் காட்டலாம். பியெர் லூயிஜி செர்வெல்லாத்தி முன்னின்று வகுத்த திட்டத்தின்படி, 1973இல் அந்நகர மன்றம் பொதுவீட்டுவசதிக்கு ஒதுக்கிய பணத்தைப் புறநகர் அடுக்குமாடிகளில் செலவிடாமல் பழைய நகரின் தொழிலாளர் வரிசை வீடுகளைச் செப்பனிடுவதில் செலவிட்டது. வீடும் பழைய வீடு, குடியிருப்பவரும் பழையவர் என்பதே அத்திட்டத்தின் கொள்கை. வீடுகளை அரசே கையகப்படுத்தும் யோசனைக்கு எதிர்ப்பு வந்தபோது, உரிமையாளருடன் உடன்படிக்கை செய்துகொள்ளும் வழிக்கு மன்றம் மாறியது: சீரமைக்கப் பணம் நகரம் தரும், அதற்கு ஈடாக வாடகை வரம்புக்குள் இருக்கும், பழைய குடித்தனக்காரர் திரும்பி வருவார். ஜார்ஜ்டவுனிலும் இதற்கான அடித்தளம் இருக்கிறது. 2009 முதல் திங்க் சிட்டி நிறுவனம் கட்டடச் சீரமைப்புக்கும் சமூகப் பணிகளுக்கும் மானியம் வழங்கியிருக்கிறது. 2010இல் அமைந்த ஜார்ஜ்டவுன் உலகப் பாரம்பரிய நிறுவனம் தளத்தை மேற்பார்க்கிறது. பொதுப்பணம் சேரும் எந்தச் சீரமைப்புக்கும் நீண்டகாலக் குடித்தன உறுதியை நிபந்தனையாக்கலாம். அறவாரியங்களும் கொங்சிகளும் தம் வீடுகளில் ஒரு பங்கைக் குடும்பங்களுக்கும் கைத்தொழிலுக்கும் ஒதுக்கலாம். அவற்றைத் தோற்றுவித்தவர்களின் நோக்கமும் அதுதான். விடுதிகளுக்கு எண்ணிக்கை வரம்பு வைக்கலாம். கட்டுப்பாட்டால் உயரத்தை இழக்கும் எளிய உரிமையாளருக்கு வரிச் சலுகை தரலாம்.

மக்கள் தாமே விரும்பிப் போகிறார்களே, மின்தூக்கியும் கார் நிறுத்துமிடமும் உள்ள அடுக்குமாடியைப் பிள்ளைகள் விரும்பினால் அவர்களைப் பழைய வீட்டில் கட்டிப்போட முடியுமா என்று ஒருவர் கேட்டால், முடியாது, கூடாது என்பதே பதில். எவரும் பாரம்பரியத்தின் காட்சிப் பொருளாக வாழக் கடமைப்பட்டவரல்லர். விரும்பிப் போகிறவரைப் போகவிடுவது சுதந்திரம். வாடகை ஏற்றத்தால் தூக்கி எறியப்படுபவரையும் விரும்பிப் போனவர் கணக்கில் சேர்ப்பதுதான் பொய். இருக்க விரும்புபவருக்கு இருக்க வழியும், புதிதாக வந்து குடியேற விரும்பும் எளியவருக்கு ஒரு வாசலும் திறந்திருந்தால் போதும். தெரு தன் பழைய மனிதர்களையே என்றும் வைத்திருக்க வேண்டியதில்லை; ஜார்ஜ்டவுனே வந்தேறிகளால் ஆன ஊர். வந்தவர்கள் தங்கிக் குடித்தனம் நடத்தி, பிள்ளை பெற்று, கோயில் கட்டி, இறந்து, அடுத்தவருக்கு விட்டுப்போனார்கள். தங்கும் அந்த வழக்கம் தொடர்ந்தால் தெரு தொடர்கிறது. மூன்று இரவு தங்கிப் போகிறவர்களால் மட்டும் எந்தத் தெருவும் வாழ்ந்ததில்லை.

ஆகவே உள்ளாட்சி மன்றங்களிடம் கேட்கவேண்டியது இது. பழைய தெருக்களைக் காக்கும் சட்டத்தைத் தயங்காமல் இயற்றுங்கள். வீட்டுக்காரரின் உரிமைக்கு வரம்பு உண்டு என்பதை உரக்கச் சொல்லுங்கள். அதற்கான நியாயம் எல்லாச் சமயங்களின் அறமரபிலும் இருக்கிறது. ஆனால் ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கும் நாளிலேயே அதில் வாழ்பவர்களின் பெயரையும் பட்டியலில் எழுதுங்கள். ஆண்டறிக்கையில் எத்தனை முகப்புகள் சீரமைக்கப்பட்டன என்பதற்குப் பக்கத்தில், எத்தனை குடும்பங்கள் இன்னும் அங்கே இருக்கின்றன என்ற கணக்கையும் வெளியிடுங்கள். இரண்டாவது கணக்கைக் காட்ட முடியாத மன்றத்துக்கு முதலாவதைச் சொல்லி ஒரு வீட்டுக்காரரின் கையைக் கட்ட உரிமை இல்லை.